தனி ஒருவர் மீட்டும் இசை



கொல்லிமலைக்கு இசை புதிதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் அவன் ஒரே அம்பினால் வீழ்த்தினான் என்ற செய்தியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, அந்தப் பாட்டின் மற்றப் பகுதியை நாம் விட்டுவிடுகிறோம். புறநானூற்றின் 152ஆம் பாட்டு அது, பாடியவர் வன்பரணர். காட்டில் அந்த வில்லாளனைக் கண்ட பாணர் தலைவன், அவன் முன் இசைக்கும்படி தன் கூட்டத்தாரை ஏவுகிறான். முழவுக்கு மண் பூசச் சொல்கிறான். யாழிலே பண்ணை நிறுத்தச் சொல்கிறான். யானையின் கைபோல் நீண்ட தூம்பையும், எல்லரி, ஆகுளி, பதலை என்னும் கருவிகளையும் எடுக்கச் சொல்கிறான். இன்றைய வழக்கில் சொன்னால், அது ஒரு முழு வாத்தியக் குழு. இந்த மலையைப் பற்றிய பழைய இசைச் செய்தி ஒரு குழுவைப் பற்றியதாகவே இருக்கிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதற்கு மாறான ஒன்று. குழு இல்லை, பாடகர் இல்லை, மத்தளம் இல்லை. ஒரே ஒருவர், ஒரு நாற்காலி, ஒரு கிதார். இப்படி மேடையேறுவது பொருளுடைய செயல்தானா?

இந்தக் கேள்வி என்னுடையதன்று. என்னிடம் படித்த மலைவாழ் மாணவர் ஒருவருடையது. இப்போது அவர் கல்லூரியில் படிக்கிறார். கிதார் மீட்டுவதில் நல்ல பயிற்சியும் உண்டு. துணைக்குக் கலைஞர் எவரும் இல்லாமையால், முரசொலியும் பிற கருவிகளும் முன்னதாகவே பதிவு செய்யப்பட்ட ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டு, அதன்மேல் தாம் மீட்டுவது அவர் வழக்கம். ஒரு விழாவில் நடுவிலே மின்சாரம் நின்றுவிட்டது. ஒலிப்பதிவு நின்றது, அவரும் நின்றுவிட்டார். கையில் இருந்ததோ மின்சாரம் வேண்டாத மரக் கிதார். ஆயினும் மேலே ஒரு வரிகூட மீட்ட இயலவில்லை. கூட்டம் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டுக் கலைந்தது.

“ஐயா, குழு இல்லாதவன் மேடைக்குப் போவதே வீண்தானோ?” என்று அவர் என்னிடம் கேட்டார்.

“தம்பி, மின்சாரம் நின்றதனால் நீ நிற்கவில்லை. தாளம் உன் கையில் இல்லாமல் அந்தப் பெட்டியில் இருந்தது, அதனால் நின்றாய்” என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வாழ்ந்தார். 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர். தஞ்சை அரசவையோடு தொடர்புடைய இசை, நடனக் குடும்பத்தில் வந்தவர். நடனமணி பாலசரஸ்வதியும், பாட்டில் பெயர் பெற்ற பிருந்தா, முக்தா சகோதரிகளும் இவருடைய பேத்திமார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் தம் வீட்டிலே வீணை வாசிப்பார். மிருதங்கம் வைத்துக்கொள்ளமாட்டார். மீட்டுவதற்குக் கம்பிச் சுற்றும் இல்லை, வெறும் விரல்தான். பிற்காலத்தில் கண்பார்வையும் போயிற்று. ஆயினும் அந்தச் சிறு கூடத்துக்கு வந்து கேட்டவர்கள் சாமானியர் அல்லர்; பெரும் வித்துவான்களே வந்து அமர்ந்தார்கள். நாற்காலி நகரும் ஓசையையும் பேச்சொலியையும் அவர் பொறுக்கமாட்டார் என்று கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சில வேளைகளில் வீணையோடு தாமும் மெல்லப் பாடுவார். மற்றபடி அந்தக் கூடத்தில் ஒலித்தது ஒரே கருவி.

மத்தளத்தை அவர் ஏன் விலக்கினார்? என் கருத்தைச் சொல்கிறேன். வீணையின் நாதம் மீட்டிய கணத்தில் பிறந்து சிறுகச் சிறுகத் தேய்வது. அந்தத் தேயும் பகுதியிலேதான், கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து எழுப்பும் நுண்ணிய கமகங்கள் இருக்கின்றன. மத்தளத்தின் ஓர் அடி போதும், அந்த நுண்மையை மூடிவிட. ஆகவே மத்தளம் இல்லாமை அவருக்கு ஒரு குறை அன்று. கேட்கவேண்டியதைக் கேட்கச் செய்வதற்காக அவர் அமைத்துக்கொண்ட வசதி.

அப்படியானால் தாளத்துக்கு வழி என்ன? இங்கேதான் நம் முன்னோர் செய்த ஏற்பாட்டைக் கவனிக்கவேண்டும். வீணைக்குக் கம்பிகள் ஏழு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நான்கும் மெட்டுகளின் மேலே செல்கின்றன. இசை பிறப்பது அவற்றில். மற்ற மூன்றும் பக்கத்திலே ஓடுகின்றன. அவற்றைப் பக்கசாரணி என்பார்கள். ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் என்று அவற்றைச் சுருதி கூட்டியிருப்பார்கள். வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் கம்பிகளை மீட்ட, சுண்டுவிரல் இந்தப் பக்கசாரணிகளைத் தட்டித் தாளத்தையும் சுருதியையும் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு சுண்டுவிரலிலே தம்பூரா வாசிப்பவரும் தாளம் போடுபவரும் அடங்கிவிட்டார்கள்! வீணையில் தானம் வாசிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? தாள ஆவர்த்தனம் என்ற கட்டு அதற்கு இல்லை; மத்தளமும் வேண்டுவதில்லை. ஆனால் கேட்பவரின் தலை தானாக அசைகிறது. நடை வேறு, தாளம் வேறு என்பதைத் தானம் ஒன்றே காட்டிவிடும்.

இனிக் கிதாருக்கு வருவோம். கிதாருக்குக் கம்பிகள் ஆறு. கீழ்ச்சுரம் தரும் தடித்த கம்பிகள் மூன்றும் கட்டைவிரலுக்கு உரியவை; மெல்லிய மூன்றும் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுக்கு உரியவை. வீணையிலே சுண்டுவிரல் செய்த வேலையை இங்கே கட்டைவிரல் செய்கிறது. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் மிகுந்த பகுதியிலே பிறந்த மெர்ல் டிராவிஸ் (1917–1983) என்பவர் இந்த முறையைப் புகழ்பெறச் செய்தார். அவருடைய கட்டைவிரல் இரண்டு தடித்த கம்பிகளிடையே மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும். ஆள்காட்டி விரல் அதன்மேல் பாட்டின் ஓட்டத்தை எடுக்கும். கேட்பவர் இருவர் வாசிப்பதாக எண்ணுவர். அந்த வட்டாரத்தில் அவருக்கு முன்பே பலர் இப்படி மீட்டினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவர் அவர்களிடம் கற்றவர்.

கிதாரைத் தனிக் கருவியாகப் பெரிய அரங்குகளில் ஏற்றிய பெருமை ஸ்பெயின் நாட்டு ஆந்திரேஸ் செகோவியாவுக்கு (1893–1987) உரியது. அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே அந்தோனியோ டெ டோரஸ் என்னும் தச்சர் கிதாரின் உடலைப் பெரிதாக்கி, அதன் நாதத்துக்கு வலிமை தந்திருந்தார். எனினும் மக்கள் அதைச் சாவடிகளிலும் நடனக் கூடங்களிலும் ஒலிக்கும் துணைக்கருவி என்றே எண்ணினார்கள். செகோவியா 1935இல் பாரிஸ் நகரில் பாகு என்னும் ஜெர்மானிய இசைப் புலவரின் ‘ஷகோன்’ என்ற படைப்பைக் கிதாரிலே வாசித்தார். அது பாகு தனி வயலினுக்கு எழுதியது. துணை ஏதும் இல்லாமல் நான்கே கம்பிகளில் ஒருவர் வாசிக்கவேண்டியது. ஒரு தனிக் கருவியின் சுமையை இன்னொரு தனிக் கருவிக்கு மாற்றினார் என்று சொல்லலாம். ஒலிபெருக்கி வந்த பின்னரும் அவர் அதைத் தம் அரங்குகளில் விரும்பவில்லை. ஆயிரக்கணக்கானோர் மூச்சடக்கிக் கேட்டார்கள். ஜார்ஜ் டவுன் கூடத்தில் தனம்மாள் எதை வேண்டினாரோ, அதையே இவரும் வேண்டினார்.

நம் நாட்டிலும் பிரிஜ் பூஷண் காப்ரா (1937–2018) கிதாரிலே இந்துஸ்தானி ராகங்களை வாசித்துப் பெயர் பெற்றார். ஆனால் பொதுவாக நம் கச்சேரிகளில் தனி வாத்தியம் என்றாலும் மிருதங்கமோ தபலாவோ உடன் இருக்கும். அது ஒரு சிறந்த மரபு. அதனை நான் குறை கூற வரவில்லை.

ஒலிபெருக்கியை வெறுப்பவனும் அல்லேன். உங்களோடு நான் பேசுவதே ஒலிவாங்கியின் வாயிலாகத்தான். 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் திருச்சியில் வானொலி நிலையம் தொடங்கியது. வானொலி வந்ததனால் மெல்லிய கருவிகளுக்கு ஒரு நன்மை விளைந்தது. திருவிழாத் திடலில் வீணை தவிலோடு போட்டியிட முடியாது. ஆனால் அறையிலே ஒலிவாங்கியை அருகில் வைத்தால், நாமக்கல்லில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே அளவில் கேட்கும். கிதாரைத் தனியே மீட்டுகிறவர் ஒலிவாங்கியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளட்டும். ஆனால் ஒலியைப் பெரிதாக்குவது வேறு. தம் வேலையைப் பெட்டி ஒன்றிடம் ஒப்படைப்பது வேறு. ஒலிப்பதிவு ஒருபோதும் காத்திராது. நீங்கள் ஓர் இடத்தில் சற்றே தங்க விரும்பினால் அது தங்காது. கேட்பவர்கள் ஓரிடத்தில் மகிழ்ந்தார்கள் என்று மீண்டும் அதை வாசிக்க எண்ணினால் அது விடாது. மிருதங்கம் வாசிக்கும் மனிதர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். பெட்டி பார்க்காது.

தனியே வாசிப்பவருக்கு மிகுந்த அச்சம் தருவது எது தெரியுமா? தவறான சுரம் அன்று; மௌனம். இதை நான் இசையிலிருந்து அறியவில்லை. ஆசிரியப் பயிற்சியிலிருந்து அறிந்தேன். மாதிரிப் பாடம் நடத்தும் புதிய ஆசிரியர் வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்பார். மறுகணமே பதிலையும் தாமே சொல்லிவிடுவார். நாற்பது பிள்ளைகள் பேசாதிருக்கும் அந்த ஐந்து நொடி அவருக்கு ஐந்து நாழிகையாகத் தோன்றும். ஆனால் பிள்ளைகள் சிந்திப்பது அந்த ஐந்து நொடியில்தான். தனியே மீட்டும் இளைஞரும் அவ்வாறே இடைவெளியைக் கண்டு அஞ்சி, சுரங்களை வாரி இறைத்து அதை நிரப்புகிறார். காலமும் தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. குழுவில் இருந்தால் மத்தளக்காரர் அவரை இழுத்துப் பிடிப்பார். தனியே இருந்தால் பிடிப்பவர் இல்லை. ஆகையால் கிதாரைத் தொடுமுன் கையால் தாளம் போட்டு, பாட்டை வாயால் முழுவதும் பாடிப் பழகவேண்டும். நாதம் தேய்ந்து அடங்கும்வரை அடுத்ததை எடுக்காமல் இருக்கவும் பழகவேண்டும். இது விரல் பயிற்சியைவிடக் கடினம்.

என் மாணவருக்கு ஒரு சிறு வேலை கொடுத்தேன். உங்களுள் கிதார் வைத்திருப்பவர்களும் செய்து பார்க்கலாம். தேவாரப் பண்களில் ஒன்றுக்குக் கொல்லி என்று பெயர். இந்த மலையின் பெயரே அது. திருநாவுக்கரசரின் முதற் பதிகம் கொல்லிப் பண்ணில் அமைந்தது. ஓதுவார்கள் இதனை இக்காலத்து நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். நவரோஜ் சங்கராபரணத்தின் சுரங்களைக் கொண்டது. ஆனால் கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி மேலே பஞ்சமத்தோடு நின்றுவிடும். அவ்வளவு சிறிய எல்லை தனியே வாசிப்பவருக்கு ஒரு வரம்.

கிதாரில் மெல்லிய கம்பியை முதலாவது என்று எண்ணுங்கள். வழக்கமான சுருதியில், எதையும் அழுத்தாமல் விட்ட நான்காம் கம்பி ஷட்ஜமாகவும் ஐந்தாம் கம்பி அதன் கீழ்ப் பஞ்சமமாகவும் அமையும். இந்த இரண்டும் கட்டைவிரலுக்கு. பண்ணை ஒரு ஸ்தாயி மேலே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கம்பியின் இரண்டாம் மெட்டில் பஞ்சமம். இரண்டாம் கம்பியை அழுத்தாமல் விட்டால் தைவதம், அதன் இரண்டாம் மெட்டில் நிஷாதம், மூன்றாம் மெட்டில் ஷட்ஜம். முதற் கம்பியை அழுத்தாமல் விட்டால் ரிஷபம், இரண்டாம் மெட்டில் காந்தாரம், மூன்றாம் மெட்டில் மத்தியமம், ஐந்தாம் மெட்டில் பஞ்சமம். பண் முழுவதும் ஐந்து மெட்டுகளுக்குள் முடிந்துவிட்டது. இடக்கை அலைய வேண்டியதில்லை. வலக்கைக் கட்டைவிரல் நான்கு, ஐந்து, நான்கு, ஐந்து என்று நடந்துகொண்டே இருக்க, மற்ற விரல்கள் பண்ணை எடுக்கலாம். வீணையின் கமகம் முழுவதும் இதில் வராது. கம்பியைச் சற்றே இழுத்துக் காந்தாரத்தை அசைக்கலாம், அவ்வளவே.

முதல் வாரம் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சண்டையிட்டன என்று அந்த மாணவர் சொன்னார். ஒரு மாதத்துக்குப் பின் கட்டைவிரல் தானாக நடக்கத் தொடங்கியது. மூன்று நிமிட நேரம் மீட்டும் அளவுக்கு ஒரு பகுதியை அமைத்திருக்கிறார். மாலையில் மின்சாரம் இல்லாதபோது வீட்டு வாயிலில் அமர்ந்து வாசிப்பாராம். அவருடைய பாட்டி கம்பு புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார் என்றும், “இதைத் திரும்ப ஒருமுறை வாசி” என்று சொன்னார் என்றும் எனக்கு எழுதியிருக்கிறார். நடுவில் வரும் ஓர் இடைவெளியை இன்னும் அவரால் பொறுத்திருக்க முடியவில்லையாம். அந்த இடத்தில் கை விரைகிறதாம். அதை மட்டும் தனியே எடுத்து, நாளைக்கு இருபது முறை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.