கூத்துக்குப் பின்னாடி இருக்கிற வேலை

"எனக்கு ஆடவும் வராது, பாடவும் வராது. ஆனா கலைத்துறையிலதான் வேலை செய்யணும்னு ஆசை. நிர்வாகம் பக்கம் போகலாமா?"ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தாங்க. நம்மள மாதிரி ஐடி ஆளுதான். பொதுவா அட்வைஸ் சொல்றதுல எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால ஒரே ஒரு உதாரணம்: காஞ்சிபுரத்தில் இருக்கிற கட்டைக்கூத்துச் சங்கம்.

1990-ல தொடங்கினது. பெருங்கட்டூர் பி. ராஜகோபால், கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர். அஞ்சாம் வகுப்போட படிப்பு நின்னு போச்சு, பத்து வயசுலயே கூத்துக்கு வந்துட்டார். அவர் மனைவி ஹன்னே டி ப்ருய்ன், நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய்ச்சி செய்ய வந்தவர். இவங்க ரெண்டு பேரும் மத்தக் கலைஞர்களோட சேர்ந்து கட்டினதுதான் இந்தச் சங்கம். 'தெருக்கூத்து'ன்னு சொன்னா கலையைக் குறைச்சுச் சொல்ற மாதிரி இருக்குன்னு, புஜக்கட்டை, கிரீடம் மாதிரியான மரக்கட்டை அணிகலன்களை வச்சு 'கட்டைக்கூத்து'ங்கற பேர்தான் சரின்னு ராஜகோபால் வாதிட்டார். இதை ஒத்துக்காத அறிஞர்களும் உண்டு.

இப்ப பிரச்சனைக்கு வருவோம். கூத்து ராத்திரி ஆரம்பிச்சா விடியற வரைக்கும் போகும். அதுல நடிக்கிற பையன் காலையில எப்படி ஸ்கூலுக்குப் போவான்? கூத்தா, படிப்பா? ராஜகோபாலுக்குச் சின்ன வயசுல வந்த அதே கேள்வி. அதுக்குப் பதிலா 2002-ல ஆரம்பிச்சதுதான் கட்டைக்கூத்துக் குருகுலம். பிள்ளைங்க அங்கேயே தங்கி ரெண்டையும் படிச்சாங்க. ஆம்பளைங்களே பெண் வேஷம் கட்டி வந்த கலையில பொண்ணுங்களையும் சேர்த்துக்கிட்டாங்க. என்னைக் கேட்டா, அங்க நடந்த பெரிய விஷயம் இதுதான். ஆனா ஒரு பொண்ணுக்கு அடவு சொல்லிக் குடுத்தா மட்டும் போதாது. ராத்திரி முழுக்க வெளியூர்ல ஆட அவளை அனுப்பச் சொல்லி வீட்டுலயும் ஊர்லயும் பேசணும். கல்யாணத்துக்கு அப்புறம் புகுந்த வீட்டுல திரும்பவும் பேசணும். 'சமூக ஈடுபாடு'ன்னு பிரசன்டேஷன்ல ஒரு ஸ்லைடு போடுறோமே, அந்த வேலை நேர்ல இப்படித்தான் இருக்கும்.

குருகுலம் 2020-ல மூடியாச்சு. பதினெட்டு வருஷம். அதை நான் தோல்வின்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த வேலைக்கு வர்றவங்க அந்த வருஷத்தையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வரணும். டிக்கெட் வித்து ஹாஸ்டல் நடத்த முடியாது, நன்கொடைதான் வழி. வெளிநாட்டுப் பணம்னா எஃப்சிஆர்ஏ சட்டம். அதே 2020-ல வந்த திருத்தம், அந்தப் பணத்துல நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கிடுச்சு. நீங்க கேக்கிற வேலையோட சம்பளம் பெரும்பாலும் அந்த 20-க்குள்ளதான் வரும். ஐடி சம்பளத்தோட ஒப்பிட்டுப் பாக்காதீங்க, ப்ளீஸ்.

நம்ம துறையில 'பஸ் ஃபேக்டர்'னு ஒண்ணு சொல்வோம்: எத்தனை பேர் திடீர்னு இல்லாம போனா ப்ராஜெக்ட் நிக்கும்? நிறைய கலை அமைப்புகள்ல அந்த எண்ணிக்கை ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. உங்களை மாதிரி ஆளுங்க அங்க தேவைப்படுறது இதனாலதான். கணக்கு எழுத, மானியத்துக்கு விண்ணப்பிக்க, பழைய பதிவுகளைச் சேமிக்க, நிறுவனர் இல்லாத நாளுக்குத் தயார் பண்ண.

ரிசைன் பண்றதுக்கு முன்னாடி, கோடையில திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கிற ஊர் ஒண்ணுல விடிய விடியக் கூத்து பாருங்க. மூணு மணிக்குத் தூக்கம் சொக்கும். அப்ப மேடையை விட்டுட்டுச் சுத்தி நடங்க. வேனுக்குப் பணம் யார் தர்றா, சாப்பாடு யார் போடுறா, ஊர்ப் பெரியவர்கிட்ட யார் போய்ப் பேசுறான்னு பாருங்க. பாத்துட்டு எனக்கு எழுதுங்க.