திட்டிவாசல்



236 அடி உயரமுள்ள திருவரங்கத்து இராசகோபுரம் 1987ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அப்பெருவாயிலை நாளும் காணும் தங்கள்முன், ஏழு அங்குல வாயில் ஒன்றைப் பற்றிப் பேச வந்துள்ளேன். வீட்டின் அறைக்கதவில் பூனைக்கென வெட்டப்படும் வாயில் அது.

உத்திர வீதி, சித்திரை வீதிகளின் பழைய வீடுகளுக்கு இது தேவைப்பட்டதில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என நீண்ட அவ்வீடுகளில் பூனை ஓட்டுக்கூரை வழியே வந்து முற்றத்தில் குதிக்கும். கொல்லை வழியே போகும். இன்று தில்லைநகர் அடுக்ககங்களில் முற்றம் ஏது? திருச்சிக் கோடை 40 பாகையைத் தாண்டும்போது குளிர்சாதனத்திற்காக அறைகளை அடைக்கிறோம். திறந்தால் குளிர்ச்சி போய்விடுகிறது. மூடினால் பூனை வெளியே நின்று பிறாண்டுகிறது.

தச்சர் முதலில் அளக்க வேண்டியது பூனையை. நன்கு வளர்ந்த பூனையின் வயிற்றுமட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து அங்குலம். வாயிலின் அடிவிளிம்பு அங்கே அமைய வேண்டும். பலகைக் கதவாயின் சட்டங்களைத் தொடாமல் நடுப்பலகையில் மட்டுமே வெட்டலாம். உள்ளே பொள்ளலான கதவாயின் வெட்டிய விளிம்பினுள் மரக்கட்டை செருகி ஒட்ட வேண்டும். இல்லையேல் திருகாணி பிடிக்காது. மடலைப் பொருத்திய பின்னும் சில நாள் அதைத் தூக்கிக் கட்டிவைத்து, மறுபுறம் உணவு வைத்து அழைக்க வேண்டும். பிடித்துத் தள்ளினால் பூனை அவ்வாயிலை அஞ்சும்.

இது மேனாட்டுப் புதுமை என்பார்க்கு ஒரு சொல். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் தம் கதையொன்றில் பூனை நுழையும் கதவுத் துளையைக் குறிக்கிறார். இங்கிலாந்தின் எக்சிட்டர் பேராலயத்தில், பழங்கடிகாரத்தின் கீழுள்ள கதவில் பூனைக்கான வட்டத்துளை உண்டு. நம்மிடமோ இதற்கு அணுக்கமான சொல்லே இருக்கிறது. கோட்டையிலும் கோயிலிலும் பெருங்கதவினுள் அமைந்த சிறுகதவைத் திட்டிவாசல் என்றனர் நம் முன்னோர். 'கேட் டோர்' என்று கடைக்காரர் விற்பதைப் 'பூனைத் திட்டிவாசல்' என்று நாம் வழங்கினால் என்ன குறை?

சொல்லோடு முடிக்க மனம் வரவில்லை. கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார். அவர் காவியம் அரங்கேறிய இடமென்று மரபு காட்டும் மண்டபம் திருவரங்கத்தில் தாயார் சந்நிதி அருகே நிற்கிறது. பூனையாய் வந்தவர்க்கு அன்று ஓர் அவை வழிவிட்டது.

நம் வட்டத்திற்குப் பத்து வயது. ஒருவர் கவிதையை ஒருவர் நன்கறிவோம். அறை இதமாக இருக்கிறது. முதற் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்கும் இளைஞர்க்கு நம் கதவில் வழி உண்டா? ஆண்டுதோறும் ஓர் அமர்வை, உறுப்பினர் அல்லாத புதியவர்க்கே ஒதுக்குமாறு வேண்டுகிறேன். அவ்வமர்வின் அளவையும் வருபவரை வைத்தே வகுப்போம்; மடலைச் சில காலம் தூக்கியே கட்டிவைப்போம்.