தங்கக் காசும் மதிப்பூதியமும்

(அடி அண்ணாமலையில் இளம் வாசகர்களின் சிறு கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாசைத் தடுப்பது, குப்பையைக் குறைப்பது பற்றிய தகவல்களை ஓர் ஊர் இன்னோர் ஊரோடு எப்படிப் பகிர்ந்துகொள்கிறது என்று பேசச் சொன்னீர்கள். முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவனிடம் இப்படி ஒரு தலைப்பைக் கொடுத்தால் முதல் கால் மணி நேரம் வரையறை சொல்லியே ஓட்டிவிடுவான். நான் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்தபோது, சுற்றி வாழ்ந்த மக்களுக்கு அந்தத் தொட்டியில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. அதன் அதிர்ச்சியில் 1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. என்ன நச்சுப்பொருளை எவ்வளவு வெளியேற்றுகிறோம் என்று அங்குள்ள ஆலைகள் ஆண்டுதோறும் ஊருக்குச் சொல்ல வேண்டும். 1990இல், மாசை உண்டான பிறகு சுத்தம் செய்வதைவிட உண்டாகாமல் தடுப்பதே முதல் வேலை என்று இன்னொரு சட்டம் வந்தது. ஒரு வட்டாரத்தில் ஒருவர் கண்டுபிடித்த வழியை மற்றவர்களுக்குக் கொண்டுசேர்க்க வட்டார மையங்களும் அங்கே உருவாயின. செத்தது நம் மக்கள், தெரிந்துகொள்ளும் உரிமை கிடைத்தது அவர்களுக்கு. இது ஒரு பக்கம் இருக்கட்டும்.

நம் ஊரில் அப்படி ஒரு வட்டார வலைப்பின்னல் இருக்கிறதா? இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இதே சாலையில் கூடுகிறது. அதற்கு யாரும் அந்தப் பெயரை வைத்ததில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகை தீபத்தைச் சொல்கிறேன். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். நெடுங்காலமாக இந்தப் பாதையின் ஒரு பகுதி நகராட்சியிலும் மற்றது அடி அண்ணாமலை போன்ற ஊராட்சிகளிலும் இருந்தது. நடப்பவருக்கு எல்லை தெரியாது, குப்பைக்கும் தெரியாது. உள்ளூர்ப் பணியாளர்கள் போதாமல் வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்களை வரவழைக்கிறார்கள். ஒரே இரவில் பல ஊர்ப் பணியாளர்கள் ஒரே சாலையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அவரவர் ஊரின் திருவிழா, சந்தை, சாக்கடை பற்றிய அறிவு இருக்கிறது. விடிந்ததும் வண்டியேற்றி அனுப்பிவிடுகிறோம். அவர்களிடம் யாரும் எதையும் கேட்டுக்கொள்வதில்லை.

அவர்களுக்கு என்ன தெரியும்? இந்தப் பாதையில் நான் பேசிய பெண்கள் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தே சொல்கிறார்கள், இது அன்னதானப் பந்தல் மூட்டை, இது டீக்கடை மூட்டை என்று. வாழை இலையில் சோறு போட்ட இடத்தில் கூட்டுவது எளிது, மாடும் தின்னும், மண்ணும் தின்னும். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதத் தட்டில் சாம்பார் ஊற்றிய இடத்தில் எதையும் பிரிக்க முடியாது. மழை பெய்துவிட்டால் தட்டு கூழாகும், பூச்சு மட்டும் அப்படியே நிற்கும். தொட்டியை எங்கே வைத்தால் போடுவார்கள், எங்கே வைத்தால் அதன் காலடியில் கொட்டுவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பூச்சுப் போட்ட தட்டு, டீ கப், தண்ணீர் பாக்கெட் எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. தடைக்குப் பிறகும் எந்தப் பொருள் வருகிறது, எந்தப் பெயர் அச்சிட்ட உறையில் வருகிறது என்பதற்கு இவர்களைவிட நல்ல சாட்சி யார்?

ஆனால் தகவல் என்றால் நமக்கு மேலிருந்து கீழே வருவது. அதற்குப் பெயர் விழிப்புணர்வு. பதாகை, உறுதிமொழி, மஞ்சப்பை. தீபத்தின்போது துணிப்பையோடு வரும் பக்தர்களுக்குக் குலுக்கலில் தங்கக் காசும் வெள்ளிக் காசும் கொடுத்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான், நான் கேலி செய்யவில்லை. அதே மாநிலத்தில் ஊராட்சிகளின் தூய்மைக் காவலர்களுக்கு மாதம் 3,600 ரூபாயாக இருந்தது 2023இல்தான் 5,000 ஆனது. அதைச் சம்பளம் என்றுகூட சொல்வதில்லை, மதிப்பூதியம். பை கொண்டுவருபவருக்குத் தங்கம், பையைப் பொறுக்குபவருக்கு மதிப்பு! 2020இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயர் கழுவப்பட்டது, கை கழுவ சோப்பு வந்ததா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஏன் கேட்பதில்லை என்பதற்கு விடை நமக்குத் தெரிந்ததுதான். கழிவுநீர், மலத்தொட்டிப் பணியாளர்களை ஒன்றிய அரசு கணக்கெடுத்தபோது, 2024 வரை பதிவான சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காடு. ஆங்கில ஆய்வு நூல்களில் மாசுக்கும் தீட்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் இரண்டு சொல் இருப்பதால் நாம் தப்பித்துக்கொள்கிறோம். மாசைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறோம், தீட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. குப்பையைத் தொடுபவரின் கையைத் தீட்டாகப் பார்க்கும் ஊர், அந்தக் கை எழுதும் குறிப்பை அறிவாகப் படிக்குமா?

கீழிருந்து வந்த தகவல் என்ன செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பெசவாடா வில்சனும் தோழர்களும் 1990களில் கட்டிய சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் 2003இல் உச்ச நீதிமன்றம் போனது. மாநில அரசுகள் எங்களிடம் உலர்கழிப்பிடமே இல்லை, கையால் மலம் அள்ளுவோரே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தன. இயக்கத்தினர் தெருத்தெருவாகப் போய்ப் படம் எடுத்தார்கள், பெயரும் இடமும் எழுதினார்கள், மாநிலம் மாநிலமாக அந்தக் கணக்கைச் சேர்த்தார்கள். 2014 தீர்ப்பு, சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று சொன்னதற்குப் பின்னால் அந்த நடை இருக்கிறது. 2023இல் அது 30 லட்சமானது.

கடலூர் சிப்காட் ஆலைகளைச் சுற்றிய கிராமத்தவர் 2004 முதல் நாற்றத்தையே ஆவணமாக்கினார்கள். எந்த நேரம், காற்று எந்தத் திசை, எந்த ஆலைப் பக்கம், என்ன மாதிரி வாடை என்று குறித்தார்கள். கலிபோர்னியாவின் ஆலையோர மக்கள் பயன்படுத்திய வாளி முறையைக் கற்றுக் காற்று மாதிரியும் எடுத்தார்கள். நாற்றத்தைச் சகிக்க வேண்டியவர்கள் என்று கருதப்பட்டவர்கள் நாற்றத்துக்குச் சாட்சி ஆனார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது புனே. குப்பை சேகரிப்போர் 1993இல் அங்கே சங்கம் கட்டினார்கள். பெரும்பாலானோர் தலித் பெண்கள். பின்னர் ஸ்வச் என்ற கூட்டுறவும் வந்தது. சுற்றாமல் வீசப்பட்ட சானிட்டரி நாப்கின்களை அவர்கள் வெறுங்கையால் பிரிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர்களிடம் எத்தனை நாள் கெஞ்சுவது? 2013 வாக்கில் அந்த நாப்கின்களை மூட்டை கட்டித் தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். குப்பை எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுக் கட்டுரையும் சொல்லவில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாப்கினோடு அப்புறப்படுத்தும் உறையையும் நிறுவனம் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளில் இடம்பெற்றது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பணியாளர்களின் அறிவு, பாரம்பரிய அறிவு என்று நாம் உருகத் தொடங்கினால் அது இன்னொரு குலத்தொழில் பாட்டாகிவிடும். இந்த அறிவு அவர்கள் தலையில் கட்டப்பட்ட வேலையிலிருந்து வந்தது. தம் பிள்ளைகளுக்கு இது தெரியவே கூடாது என்று நினைக்கும் தாய்மார்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். அவர்கள் நினைப்பதுதான் சரி. ஆகவே கேட்கும்போது கூலியோடு கேட்க வேண்டும். கேட்டதை வைத்து மூட்டையின் எடையைக் குறைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் திறமையாகத் தூக்கச் சொல்வதற்காகக் கேட்கக் கூடாது. நிரந்தர வேலை, முறையான ஊதியம், வேறு வேலைக்கு வழி, இவை இல்லாமல் தகவல் வலைப்பின்னல் என்று பேசுவது வெறும் அலங்காரம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்த பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். தனியாரிடம் எங்களைத் தள்ளாதே என்பதுதான் அவர்கள் வைத்த கோரிக்கை. நகரத்தின் குப்பையைப் பற்றி அதைவிட முக்கியமான தகவல் அந்த மாதம் வெளியாகவில்லை.

தீபத்துக்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் துறைவாரியாக ஆலோசனைக் கூட்டம் நடத்தும். காவல்துறை, போக்குவரத்து, உணவுப் பாதுகாப்பு எல்லோரும் இருப்பார்கள். அந்த மேசையில் தூய்மைப் பணியாளர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் உட்கார வேண்டும். அன்றைக்கு அவர்களுக்கு முழு நாள் ஊதியம் வேண்டும். வெளியூரிலிருந்து வருபவர்கள் திரும்பும் முன், எந்தப் பகுதியில் என்ன குவிந்தது, எந்த நிறுவனத்தின் உறை என்று அவர்கள் சொல்வதை எழுதி எடுத்து, அடுத்த ஆண்டு அன்னதான அனுமதி கொடுக்கும்போது அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும். அதன் நகல் அவர்கள் ஊர் நிர்வாகத்துக்கும் போக வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரு பக்க மனுவாக எழுதிக் கடைசி வரிசை மேசையில் வைத்திருக்கிறேன். இங்கே வந்திருக்கும் பணியாளர் தோழர்கள் முதலில் படித்துத் திருத்தம் சொல்லட்டும். அதற்குப் பிறகு மற்றவர்கள் கையெழுத்துப் போடலாம்.