பிறர் பெயரில் வாழ்தல்

உளவியல் திகில் கதைகளில் ஒரு வகை உண்டு. கொலை செய்தவன் யார் என்பதை அது மறைப்பதில்லை. அவன் பிடிபடுவானோ என்ற பதைப்பும், பிடிபடக் கூடாதே என்று வாசகர் மனத்தில் எழும் விருப்பமுமே அதை நடத்திச் செல்கின்றன. பட்ரீஷியா ஹைஸ்மித் 1955இல் எழுதிய 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' அதற்குத் தலைசிறந்த சான்று. நியூயார்க்கில் நிலையான வேலையின்றித் திரியும் டாம் ரிப்ளி, இத்தாலியிலேயே தங்கிவிட்ட பணக்கார இளைஞன் டிக்கி கிரீன்லீஃபைத் திரும்ப அழைத்துவர அனுப்பப்படுகிறான். டிக்கியின் பணத்தைவிட, எங்கும் கூச்சமின்றி உட்கார முடிகிற அவனுடைய இயல்புதான் டாமின் கண்ணை உறுத்துகிறது. டிக்கி தன்னை ஒதுக்கத் தொடங்கிவிட்டான் என்று உணர்ந்த பிறகே சான் ரெமோவில், படகில், அவனைக் கொல்கிறான். பின்னர் அவனுடைய உடை, மோதிரம், கையெழுத்து எல்லாம் டாமுடையவை ஆகின்றன.

தனக்கு மறுக்கப்பட்ட இடத்தில் பிறராக வாழ விரும்பும் இந்த ஏக்கம் தமிழருக்குப் புதிதன்று. பிராமணன் என்று பொய் சொல்லிப் பரசுராமரிடம் வில்வித்தை கற்ற கர்ணனைத் தெருக்கூத்து பார்த்தவர்கள் அறிவார்கள். வண்டு துளைத்த வலியைப் பொறுத்துக்கொண்டதாலேயே அவன் பொய் வெளிப்பட்டது. கூத்து பார்ப்பவர்கள் அவனுக்காகவே அழுகிறார்கள்.

விஜய் ஆண்டனி நடிகராக அறிமுகமான 'நான்' (2012, இயக்கம் ஜீவா சங்கர்) இந்த வகையில் தமிழில் வந்த நல்ல படம். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வெளிவந்த கார்த்திக்கை ஏற்க யாருமில்லை. பேருந்து விபத்தில் இறந்த சலீமின் சான்றிதழ்களோடு அவன் மருத்துவக் கல்லூரியில் சேர்கிறான். பின்னர் பணக்கார நண்பன் அசோக்கின் குரலையும் தனதாக்கிக்கொள்கிறான். டாமுக்கு டிக்கியின் பாஸ்போர்ட் எப்படியோ, கார்த்திக்குக்கு மதிப்பெண் பட்டியல் அப்படி. ஆனால் சிறுவயதுக் காயத்தைக் காட்டி அவனுக்காக இரக்கம் கோருவதால் படத்தில் பொறாமையின் கூர்மை மழுங்கிவிடுகிறது. ஹைஸ்மித் அப்படி எந்தச் சலுகையும் தருவதில்லை.

மறுக்கப்பட்ட இடத்துக்கான ஏக்கத்தை நெய்வேலி நன்கு அறியும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவான பிறகு பல ஊர்க்காரர்கள் வந்து குடியேறிய நகரியம் இது. எந்த வட்டத்தில் குவார்ட்டர்ஸ், நிரந்தரமா காண்ட்ராக்டா, நிலம் கொடுத்த குடும்பமா என்ற கேள்விகளுக்கான பதில்களே ஒருவரின் இடத்தைக் காட்டிவிடுகின்றன. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் நிரந்தர வேலை கேட்பதைப் பொறாமை என்று சொல்லிவிட முடியாது, அது உரிமை. அவர் வெளிப்படையாக, தம் சொந்தப் பெயரில் கேட்கிறார். ரிப்ளிக்குத் தன் பெயரே வேண்டாம். கேட்டால் கிடைக்காது என்று முடிவு கட்டி, இன்னொருவனின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான். அவனை ஆபத்தானவனாக்குவது இந்த வேறுபாடுதான்.

முடிவிலும் படைப்பாளிகள் பிரிகிறார்கள். நாவலில் ரிப்ளி தப்புகிறான். டிக்கியின் சொத்தும் பொய் உயிலால் அவனுக்கே வருகிறது. ரெனே கிளெமான் 1960இல் எடுத்த பிரெஞ்சுப் படம் அவனைச் சட்டத்தின் பிடியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தமிழ்க் கார்த்திக்கோ 2014இல் வெளிவந்த அடுத்த படத்தில் டாக்டர் சலீமாகவே தொழில் நடத்துகிறான்.