மருத்துவமனைக்கும் உண்டு ஒரு மீஸான்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நம் ஆரணி வட்டாரம் பட்டுத் தறிகளால் பெயர் பெற்றது. நெசவாளரிடம் பாவும் ஊடையும் ஜரிகையும் நிறுத்துத்தான் கொடுக்கப்படுகின்றன. நெய்த சேலையும் நிறுத்துத்தான் வாங்கப்படுகிறது. ஒரு சேலைக்கே இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம், நெஞ்சுவலியால் துடிக்கும் தந்தையை ஒரு மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது எதைக் கணக்குப் பார்க்கிறோம்? கட்டடத்தின் உயரத்தைப் பார்க்கிறோம், கட்டணத்தைக் கேட்கிறோம். அங்கே தரப்படும் சிகிச்சையின் தரத்தை அளக்க முடியுமா என்று சிந்திப்பதில்லை.

அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைத் திருமறையின் 83-ஆம் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. நபி ஷுஐப் (அலை) அவர்களின் சமுதாயம் அழிக்கப்பட்டதற்கு இக்குற்றமும் ஒரு காரணம். இது தானியத்திற்கு மட்டும் உரிய சட்டமன்று. கூலி பெற்றுச் செய்யும் ஒவ்வொரு சேவையும் அமானிதமே. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாவார் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு நெஞ்சில் நோய் கண்டபோது, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தகுதியுடையவரைத் தேடிச் செல்வதும் தவக்குலுக்கு உட்பட்டதே.

சிகிச்சையைக் கணக்கெடுப்பது நமக்குப் புதிதுமல்ல. 12-ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த ஷைஸரீ என்ற அறிஞர், சந்தைகளையும் தொழில்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். அதில் மருத்துவருக்கும் விதி வகுத்துள்ளார். நோயாளியைப் பார்க்கும்போது கண்டதையும் கொடுத்த மருந்தையும் எழுதி, அதன் பிரதியைக் குடும்பத்தாரிடம் தர வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் தலைமை மருத்துவர் அந்த ஏடுகளைப் பார்வையிட்டு, முறைப்படி சிகிச்சை நடந்ததா என்று தீர்ப்புரைப்பார். குறை இருந்தால் மருத்துவர் ஈட்டுத்தொகை செலுத்த வேண்டும். இன்று மருத்துவத் தணிக்கை என்று சொல்லப்படுவதன் கருத்து இதில் அடங்கியிருக்கிறது அல்லவா!

மாரடைப்பில் எதை அளப்பது? இதயத்தின் இரத்தக் குழாய் அடைபட்டதும் அதன் தசை நிமிடத்திற்கு நிமிடம் மடியத் தொடங்குகிறது. ஆகவே முதல் அளவுகோல் நேரமே. நோயாளி வந்த 10 நிமிடத்திற்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டதா? கட்டியைக் கரைக்கும் ஊசிதான் சிகிச்சை என்றால் 30 நிமிடத்திற்குள் போடப்பட்டதா? பலூன் மூலம் அடைப்பை நீக்கும் வசதியுள்ள மருத்துவமனை என்றால் 90 நிமிடத்திற்குள் குழாய் திறக்கப்பட்டதா? வந்தவுடன் ஆஸ்பிரின் தரப்பட்டதா? வீடு திரும்பும்போது உரிய மாத்திரைகள் எழுதித் தரப்பட்டனவா? பீடி சிகரெட்டை விடும்படி சொல்லப்பட்டதா? இவை யாவும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு மருத்துவமனையை எடைபோடுவது நீதியாகாது. மோசமான நிலையில் வருபவர்களையும் ஏற்றுக்கொள்ளும் அரசு மருத்துவமனையில் மரணங்கள் கூடுதலாகத் தெரியும். அத்தகையோரைத் திருப்பி அனுப்பும் இடத்தில் குறைவாகத் தெரியும். வந்தவர்களின் வயதையும் நோயின் கடுமையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் தராசு நேராக நிற்கும்.

சகோதரர்களே! இந்தத் தராசு காட்டிய ஓர் உண்மை நம் உறக்கத்தைக் கெடுக்க வேண்டும். இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் சேர்ந்த 20,468 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2008-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. 30 நாட்களுக்குள் செல்வந்தர்களில் 5.5 சதவீதமும், ஏழைகளில் 8.2 சதவீதமும் இறந்திருந்தனர். ஏன்? கரைக்கும் ஊசியும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும், பலூன் சிகிச்சையும் ஏழைகளுக்குக் குறைவாகவே கிடைத்திருந்தன. பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டபோது மரணத்திலிருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஏழைகள் அதிகம் இறந்ததற்கு அவர்களுக்கு அளந்து தரப்பட்டது குறைந்ததே காரணம் என்பதையே இது காட்டுகிறது. அதே ஆய்வில், கடுமையான மாரடைப்புக்கு ஆளானவர்களில் பாதிப்பேர் மருத்துவமனையை அடைய 6 மணி நேரம் அல்லது அதற்கும் மேல் ஆகியிருந்தது. அடைந்தபின் ஊசி போட ஆன இடைநிலை நேரமோ 50 நிமிடம்! ஆக, பெரும் தாமதம் மருத்துவமனை வாசலுக்கு இப்பால், நம் வீடுகளிலும் வழியிலும்தான் நிகழ்ந்திருக்கிறது.

நம் தமிழகத்திலேயே 2012 முதல் 2014 வரை ஒரு நல்ல முயற்சி நடந்தது. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மருத்துவமனைகளுடன் இணைத்து, ஆம்புலன்ஸ் வசதியையும் அரசுக் காப்பீட்டையும் பயன்படுத்தி 2,420 நோயாளிகளைக் கவனித்தனர். திட்டத்திற்கு முன் 35 சதவீதத்தினருக்கே ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டிருந்தது. பின்னர் அது 60.8 சதவீதமாயிற்று. மருத்துவமனைக்குள் நேர்ந்த மரணங்களில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் ஓராண்டுக்குள் நேர்ந்த மரணம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளோடு கணக்கை முடித்திருந்தால் இந்த நன்மை எவருக்கும் தெரிந்திராது.

கேரளத்தில் 63 மருத்துவமனைகளில் 21,374 நோயாளிகளிடையே நடந்த ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. மருத்துவமனைகள் தம் செயல்பாட்டை மாதந்தோறும் தாமே அளந்து திருத்திக்கொள்ள வழி செய்யப்பட்டது. சிகிச்சை முறைகள் ஓரளவு மேம்பட்டன; ஆயினும் மரணமும் பெரும் பாதிப்புகளும் உறுதியாகக் குறைந்தன என்று நிரூபிக்க முடியவில்லை. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். சாதகமான எடையை மட்டும் காட்டாமல் உள்ளதை உள்ளபடி காட்டுவதே நேர்மையான நிறுவை.

இனி நம் கடமை என்ன? நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் கண்டால் வாயு என்று எண்ணிச் சோடா குடித்துக் காத்திராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். இரவில் நிகழ்ந்தால் விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தரும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தை 2023-இல் தமிழக அரசு தொடங்கியது; அதை அறிந்து பயன்பெறுங்கள். வலி தொடங்கிய நேரம், மருத்துவமனையை அடைந்த நேரம், ஈ.சி.ஜி. எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம் ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள், சண்டையிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவ உதவி என்றால் அறுவை சிகிச்சைக்கு ஒரு தொகை கொடுப்பதோடு நின்றுவிடுகிறோம். வீடு திரும்பிய ஏழை, கையில் காசில்லாமல் மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்தினால் அந்த உதவி எங்கே போயிற்று? அத்தகையோரின் பட்டியல் ஒன்றைப் பேணி, ஓராண்டு வரை மாத்திரை தடையின்றிக் கிடைக்கிறதா என்று மாதந்தோறும் விசாரிப்போம். அரசு மருத்துவமனையில் பெறத்தக்கவரை அங்கே அழைத்துச் செல்வோம். இயலாதவருக்கு பைத்துல்மாலிலிருந்து கொடுப்போம். ரமளானில் தாமாகவே மாத்திரையை நிறுத்துவோர் மருத்துவரைக் கேட்காமல் அப்படிச் செய்ய வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அடுத்த ஆண்டறிக்கையில், எத்தனை ரூபாய் கொடுத்தோம் என்பதோடு, எத்தனை பேர் ஓராண்டு முழுவதும் மருந்து தவறாமல் நலமாக இருக்கிறார்கள் என்ற வரியும் இடம்பெறட்டும்.

மருத்துவமனையை அளக்கும் நாம் நம்மையும் அளந்துகொள்ள வேண்டும். மறுமையின் மீஸான் நிறுவப்படும் நாளில் நம் தட்டு கனமாக இருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.