ஊட்டம் மிகுந்த ஓடை

ஓடையைக் கடக்க முயன்றவர்கள் ஒருமுறையேனும் கல்லில் கால் வைத்து வழுக்கியிருப்பார்கள். வழுக்கியவர் கல்லை நொந்துகொள்வார்; சற்று அறிந்தவர் பாசியை நொந்துகொள்வார். அடுத்த முறை அப்படி நேர்ந்தால் குனிந்து அந்தக் கல்லை விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பு நிறமாகக் கொழகொழவென்று விரலில் ஒட்டும் அந்தப் படலம் அழுக்கன்று. டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் பெருங்கூட்டம் அது. ஒவ்வொன்றும் கண்ணாடியை ஒத்த சிலிகாப் பேழைக்குள் வாழும் ஒற்றை உயிரணு. கதிரவன் ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. நீரில் வாழும் பூச்சிப் புழுக்கள் இந்தப் படலத்தை மேய்கின்றன. புழுக்களை மீன்கள் தின்கின்றன. புல், ஆடு, புலி என்று காட்டிலே காணும் அதே ஒழுங்கு, ஓர் உள்ளங்கை அளவுள்ள கல்லின்மேல் நடைபெறுகிறது.

பாசி வளர ஒளியும் நீரும் மட்டும் போதா. உழவர் தம் மொழியில் தழைச்சத்து, மணிச்சத்து என்று கூறும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஓடையில் இவ்விரண்டும் மிகவும் அருமை. 'பளிங்கு போன்ற நீர்' என்று நாம் போற்றுகிறோமே, பாசியின் நோக்கில் பார்த்தால் அது பெரும்பாலும் வெறும் சமையலறைதான்.

அவ்வாறாயின், வயலுக்கு எரு இடுவது போல ஓடைக்கும் எரு கிடைத்தால் நல்லதுதானே? இந்த வினாவை வேடிக்கையாக எண்ண வேண்டா. மனிதன் தன்னை அறியாமலே உலகெங்கும் ஓடைகளுக்கு எரு இட்டுக்கொண்டிருக்கிறான். 1909-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் ஹாபர் என்ற ஜெர்மானிய அறிஞர் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் முறையைச் செய்து காட்டினார். 1913-இல் ஓப்பா என்னும் ஊரில் கார்ல் போஷ் அதைப் பெரிய ஆலையாக ஆக்கினார். உரம் மலிந்தது, கோடிக்கணக்கான மக்களுக்குச் சோறு கிடைத்தது. அதனை யாரும் குறைகூற முடியாது. ஆயினும் வயலில் இட்டது முழுவதையும் பயிர் உண்பதில்லை. எஞ்சியது மழைநீரோடு வாய்க்காலுக்கும் ஓடைக்கும் செல்கிறது. ஊர்ச் சாக்கடையும், சலவைத் தூளின் பாஸ்பேட்டும், அரிக்கப்பட்ட மண்ணும் அதனுடன் சேர்கின்றன.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்ற பழமொழியைச் சொல்லி, பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் அது இங்கே முழுவதும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. நஞ்சு உண்டவன் உடனே நோயுறுகிறான். ஊட்டம் உண்ட ஓடையோ முதலில் செழிக்கிறது. எந்த நேரத்தில், எந்த ஆண்டில் சென்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து நமக்குக் கிடைக்கும் விடையே மாறிவிடுகிறது.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். வெயில் நன்கு விழும் சமவெளி ஓடை ஒன்றில் ஊட்டம் மிகுந்தால், டயாட்டப் படலத்தை மூடிக்கொண்டு இழைப்பாசிகள் பச்சைக் கூந்தல் போல வளர்கின்றன. நண்பகலில் அவை விடும் பிராணவாயு குமிழியிட்டு எழும். அப்போது அளந்தவர், 'இந்த நீரில் பிராணவாயுவுக்குக் குறைவே இல்லை' என்று எழுதிக்கொண்டு வீடு திரும்புவார். கதிரவன் மறைந்ததும் கதை மாறுகிறது. பாசியும் மூச்சு விடும் உயிர்தான். இரவெல்லாம் அது பிராணவாயுவை உட்கொள்கிறது. மடிந்த பாசியை அழுகச் செய்யும் பாக்டீரியங்களும் உட்கொள்கின்றன. நீரில் கரையும் பிராணவாயுவோ இயல்பிலேயே சிறிதளவுதான். உறைநிலையில் இருக்கும் நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் கொள்ளும். 30 பாகை வெப்பமுள்ள நீர் 7.5 மில்லிகிராம் அளவே கொள்ளும். கோடை இரவில் அந்தச் சிறு இருப்பும் கரைந்து, விடியற்காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நண்பகலில் வந்தவரும் விடியலில் வந்தவரும் பார்த்தது ஒரே ஓடையைத்தான்.

இது பலரும் அறிந்த செய்தி. ஆகவே இதைக் கடந்து, குளிர்ந்த நீரும் விரைந்த ஓட்டமும் உள்ள ஓர் ஆற்றுக்குச் செல்வோம். அங்கே பிராணவாயுப் பஞ்சம் முதன்மையான கவலை அன்று.

அமெரிக்காவின் வட கோடியில் அலாஸ்கா இருக்கிறது. அங்கே புரூக்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே மரமற்ற துந்திர நிலத்தின் வழியே கூபாரக் என்னும் ஆறு ஓடுகிறது. ஆண்டில் பெரும்பகுதி உறைபனி; கோடையில் சில வாரங்கள் கதிரவன் மறைவதே இல்லை. ஒளி மிகுதி, பாஸ்பரஸ் மிகவும் அரிது. 1983-ஆம் ஆண்டுக் கோடையில் ஆராய்ச்சியாளர் சிலர் இந்த ஆற்றின் ஓரிடத்தில் பாஸ்பாரிக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கினர். எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஓர் இலட்சம் லிட்டர் நீருக்கு ஒரு கிராம் பாஸ்பரஸ் என்ற கணக்கில்தான். சொட்டு விழும் இடத்திற்கு மேலே ஆறு பழையபடியே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதுவே அளவுகோல்.

அந்த ஒரு கிராமுக்கு ஆறு அளித்த மறுமொழி வியப்பானது. கற்களில் டயாட்டப் படலம் தடித்தது. அதை மேயும் பூச்சிப் புழுக்களில் பலவும் கொழுத்தன. அவற்றைத் தின்னும் கிரேலிங் என்னும் மீன்கள், மேற்புறத்து மீன்களைக் காட்டிலும் விரைவாக வளர்ந்தன. முதல் ஆண்டுகளில் அங்கே சென்ற எவரும், 'ஆற்றுக்கு உரம் இடுவது நன்மையே' என்றுதான் கூறியிருப்பார். பெரும்பாலான ஆராய்ச்சிகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் பொருளுதவி கிடைப்பதில்லை. நல்லவேளையாக இவர்கள் விடாமல் ஆண்டுதோறும் கோடையில் சொட்டு விட்டுக்கொண்டே இருந்தனர்.

ஏறத்தாழ எட்டுக் கோடைகள் கழிந்தபின், ஒருவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. மாஸ் என்னும் தாவரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் பழஞ்சுவரில் பச்சை வெல்வெட்டு விரித்தாற்போலப் படர்வது. அதன் நீர்வாழ் இனங்கள் ஆற்றின் அடியில் முன்பும் இருந்தன. ஆனால் மிகச் சிறிய அளவில், கண்ணுக்குப் படாமல் இருந்தன. மெல்ல வளரும் இயல்புடைய அவை, ஊட்டத்தை ஆண்டாண்டாகச் சேர்த்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் கற்களையெல்லாம் போர்த்திவிட்டன. டயாட்டம் படர்ந்திருந்த வெற்றுக் கல் மறைந்தது. ஆற்றின் தரை வேறு. ஆகவே குடியிருப்போரும் வேறு. வழவழப்பான கல்லைப் பற்றி வாழ்ந்த பூச்சிகள் சில குறைந்தன. பாசப் புதருக்குள் பதுங்கி வாழக்கூடியவை பெருகின. ஒரு நாட்டில் வயலெல்லாம் காடாக மாறினால் மக்கள் தொழில் எப்படி மாறுமோ அப்படி. உரத்தை நிறுத்திய பகுதிகளிலும் மாஸ் உடனே போய்விடவில்லை. பல ஆண்டுகள் நிலைத்திருந்தது.

இதுவரை ஒளியுள்ள ஓடைகளைப் பற்றிச் சொன்னேன். இனி இருண்ட ஓடைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கவலை தரும் செய்தி அங்கேதான் இருக்கிறது.

அடர்ந்த காட்டுக்குள் ஓடும் சிற்றோடையில் கதிர் விழுவதில்லை. பாசியும் மிகுதியாக வளர்வதில்லை. அங்கே உயிர்கள் எதை உண்கின்றன? உதிர்ந்த இலையைத்தான். ஆனால் விழுந்த உடனே அதைத் தின்ன முடியாது. ஊற வேண்டும்; நீர்வாழ் பூஞ்சணங்கள் அதற்குள் இழையோடி அதைப் பதமாக்க வேண்டும். நம் வீட்டில் மாவு புளித்தபின்தானே தோசைக்கு ஆகிறது? அதுபோலத்தான். பதமான இலையைப் புழுக்கள் கிழித்துத் தின்னும். அவை விடும் துணுக்குகளைக் கீழே இருக்கும் சிறு புழுக்கள் வடித்துத் தின்னும். இவற்றையெல்லாம் பிடித்துத் தின்னும் வேட்டைப் பூச்சிகளும், சாலமாண்டர் என்னும் வாலுள்ள தவளையினத்து உயிர்களும் உண்டு. இலையுதிர்காலத்தில் ஒருசில வாரங்களில் வந்து சேரும் இலையை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்த வேண்டும். ஓடையின் அடியில் தங்கும் அந்த இலைக்குவியல், அறுவடை முடிந்ததும் நிரம்பும் நெற்குதிர் போன்றது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைகளின் தென்பகுதியில், கோவீட்டா என்ற இடம் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டில் அங்கே நீரியல் ஆய்வுக்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. 1993-இல் புரூஸ் வாலஸ் என்பவரும் அவர் தோழர்களும் அங்குள்ள ஒரு சிற்றோடையின் மேல் நெடுக வலை கட்டி, இலை விழாமல் தடுத்தனர். குதிரைப் பூட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலைதின்னும் பூச்சிகள் மட்டுமின்றி, அவற்றைத் தின்னும் வேட்டைப் பூச்சிகளும் பெரிதும் குறைந்தன.

அதே கோவீட்டாவில் 2000-ஆம் ஆண்டில் வேறொரு சோதனை தொடங்கியது. இம்முறை இலையைத் தடுக்கவில்லை. நிழலடர்ந்த ஓர் ஓடையில் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் சிறிதளவு தொடர்ந்து கலந்தனர். ஐந்து ஆண்டுகள் கலந்தனர். பாசிக்கு ஒளி இல்லாததால் நீர் பச்சையாகவில்லை. ஆனால் பூஞ்சணங்களுக்கு விருந்து. இலைகள் விரைவில் பதமாயின; புழுக்கள் பெருகின; முதல் இரண்டு ஆண்டுகளில் வேட்டையாடும் உயிர்களும் அவற்றுக்கு ஏற்பப் பெருகின. இங்கும் முதற்காட்சி செழிப்புதான்! நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் அளந்தபோது, இரை இன்னும் பெருகியிருந்தது. வேட்டை உயிர்களோ அதற்கேற்பப் பெருகவில்லை. காரணம் விசித்திரமானது. ஊட்டத்தால் பெரிதும் பயனடைந்தவை, தம்மைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு வாழும் பெரும் புழுக்கள். அவற்றை விழுங்க வேட்டைப் பூச்சியின் வாய் போதாது. சந்தையில் உணவு மலிந்தும் வாங்க முடியாதவனின் நிலை!

பின்னர் அதே மலையில் ஐந்து ஓடைகளில், இரு சத்துகளையும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து பார்த்தனர். ஏமி ரோஸ்மாண்ட் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 2015-இல் முடிவை வெளியிட்டனர். ஊட்டம் சேர்ந்த ஓடைகளில், காட்டிலிருந்து வந்த இலை முதலியவை தங்கியிருக்கும் காலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. குதிரை யாரும் பூட்டவில்லை. வேண்டிய நெல் வந்து விழுகிறது. ஆனால் அடுத்த அறுவடைக்கு முன்னரே தீர்ந்துவிடுகிறது. ஒரு பகுதி கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி துணுக்காகிக் கீழே அடித்துச் செல்லப்படுகிறது. நிழலில் பாசி வளராததால் அந்த இழப்பை ஈடுசெய்ய வேறு உணவும் இல்லை.

ஓடைக்கரையில் மரம் வளர்த்தால் போதும், நிழலில் பாசி அடங்கிவிடும் என்று கூறுவோர் உண்டு. கரையோர மரங்கள் நல்லவையே. அவற்றின் வேரும் மண்ணும் வயலிலிருந்து வரும் சத்தில் ஒரு பகுதியைத் தடுக்கின்றன. ஆயினும் நீருக்குள் வந்து சேர்ந்துவிட்ட சத்தை நிழல் என்ன செய்ய முடியும்? கோவீட்டாவின் ஓடைகள் முழு நிழலில்தான் இருந்தன. நீர் தெளிவாக இருந்தது. குனிந்து ஒரு கை அள்ளிப் பார்ப்பவருக்கு வேறுபாடு ஒன்றும் தெரிந்திராது.

ஆகையால் நீரை மட்டும் பார்க்காமல் இலையையும் நிறுத்துப் பார்க்கும் வழக்கம் ஆராய்ச்சியாளரிடையே இருக்கிறது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. கல்லூரி மாணவர் எவரும் செய்யலாம். ஒரே மரத்தின் உதிர்ந்த இலைகளை நன்கு உலர்த்தி, பத்துக் கிராம் வீதம் நிறுத்து, கண்ணகன்ற வலைப்பைகளில் இட்டுத் தைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றை வயல்நீர் கலப்பதற்கு மேலேயும், சிலவற்றை அதற்குக் கீழேயும், ஆழமும் வேகமும் ஒத்த இடங்களில் கல்லோடு கட்டி ஓடையில் விடுங்கள். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை இரு இடத்திலிருந்தும் இவ்விரண்டு பைகளை எடுத்து, மண் போகக் கழுவி, உலர்த்தி, மறுபடியும் நிறுத்துக் குறித்து வாருங்கள். பையைத் திறக்கும்போது வெள்ளைத் தட்டு ஒன்றை அடியில் வைத்துக்கொள்ளுவது நல்லது. இலையோடு வந்த புழுக்கள் அதில் விழும். எடையை எழுதும் தாளிலேயே அவற்றையும் எண்ணி எழுதிவிட்டு, மீண்டும் ஓடையிலேயே விட்டுவிடலாம்.