கோட்டை வாசலில் சற்று நில்லுங்கள்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் மாத்தளையிலிருந்து திருகோணமலைக்குச் சுற்றுலா புறப்படும் பஸ்களுக்குக் குறைவில்லை. தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகச் சுமார் 150 கிலோமீற்றர். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றின் வெப்பம் கடுமை. ஆயினும் கடல் அமைதியாயிருக்கும். மார்கழியில் போவோர் மழையைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

நிலாவெளியில் கடற்குளிப்பு, கன்னியாவில் வெந்நீர்க் குளிப்பு. அங்குள்ள ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே அளவன்று. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது கதை. இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. நான் சொல்ல வந்தது வேறு.

கோணேசர் கோயிலுக்குப் பிரெட்றிக் கோட்டைக்குள்ளால்தான் வழி. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு சென்றபோது, உள்ளே மேயும் மான்களைக் காட்டிக்கொண்டே விரைந்து நடந்தேன். பின்னால் வந்த மாணவி ஒருத்தி, "சேர், கல்லில மீன் இருக்கு" என்றாள். திரும்பி வந்து பார்த்தேன். வாசற் கல்லில் பாண்டியரின் இணைக்கயல். தேய்ந்த தமிழ் எழுத்துக்களும் இருந்தன. தமிழ் படிப்பிக்கும் நான் அதற்குமுன் இருமுறை அவ்வாசலைக் கடந்திருக்கிறேன்!

சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடிய தலம் இது. இராமேச்சரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1639இல் அதைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தனர். பிரெட்றிக் என்ற பெயர் 1803இல் வந்தது. பெயர்கள் மாறின, கற்கள் கோயிற் கற்களே.

குளக்கோட்டன் திருப்பணியைப் பறங்கியர் குலைப்பர் என்று முன்னறிவிக்கும் பாட்டு அக்கல்லிலுள்ளது என்பர். முழுப் பாட்டாக நாம் சொல்வது மக்கள் நாவில் நின்றதே. கல்லில் எஞ்சியவை சிற்சில எழுத்துக்கள். இடித்தபின் யாரோ நொந்து பாடியதாகவும் இருக்கலாமே என்பது என் ஐயம், அறிஞர் பொறுப்பாராக.

1950களில் ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன், மலையடிக் கடலிலிருந்து ஒரு லிங்கத்தை மீட்டார். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அதைக் கும்பிட மேலே ஏறுமுன் கீழே ஐந்து நிமிடம் நில்லுங்கள். கோட்டை இராணுவப் பாவனையில் உள்ளது. படமெடுக்குமுன் காவலரைக் கேளுங்கள்.

அன்று பஸ் சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தார். அந்த மாணவி அவ்வெழுத்துக்களைக் கொப்பியில் பார்த்தெழுதினாள். சிலவற்றை என்னிடம் கேட்டாள். எனக்கும் பிடிபடவில்லை.